ஒரே லீவுல தீம் பார்க்கும் கப்பலும்: நாகர்கோவில் பக்கமிருந்து அஞ்சு பேர் போக யோசனை வேணும்

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அஞ்சு பேர்: நானும் வீட்டுக்காரரும், 11 வயசுப் பையன், 5 வயசு மகள், மாமியார். மாமியாருக்கு 68 வயசு, கால்முட்டு வலி உண்டு, பிபி மாத்திரை போடுறாங்க. கொச்சி ஒண்டர்லாவும் ரெண்டு மூணு ராத்திரி கப்பல் பயணமும் ஒரே லீவுல முடிக்கணும்னு ஆசை. ஏஜென்ட் மே மாசத்துல சனிக்கிழமை பார்க், ஞாயித்துக்கிழமை கப்பல்ல ஏறுறதுன்னு பிளான் போட்டுத் தந்திருக்காரு. இது சரிவருமா? அஞ்சு பேருக்கு ஒரு கேபின் போதுமா? டிக்கெட் விலைக்கு மேல என்னென்ன செலவு வரும்? விவரம் தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

வடசேரி வாசி:

பார்க் பத்தி மட்டும் நான் சொல்லுறேன் அக்கா.

முதல்ல அந்த மே மாசச் சனிக்கிழமையை மாத்துங்க. கேரளாவுல ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஸ்கூல் லீவு. நம்ம பிள்ளைகளுக்கும் அப்பதான் லீவு. ரெண்டு கூட்டமும் ஒரே நாள்ல வந்து நிக்கும். பெரிய ரைடு ஒவ்வொண்ணுக்கும் வரிசையில நின்னே நாள் போயிரும். நம்ம மாவட்டத்துக்கு மட்டும் லீவு வர்ற நாளைப் பிடிங்க. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க, கேரளாவுல அன்னைக்கு ஸ்கூல் உண்டு. அது வாரநாள்ல வந்தா அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மாசி மாசம் மண்டைக்காடு கொடைக்கு விடுற லீவும் அதுமாதிரிதான். இதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வைப்பாங்க, அதையும் பார்த்துக்கிடுங்க.

பார்க் பள்ளிக்கரையில, காக்கநாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. நாகர்கோவில்ல இருந்து விடியக்காலை பரசுராம் எக்ஸ்பிரஸ்ல கிளம்பினாலும் போய்ச் சேர மதியம் நெருங்கிரும். அதனால முந்தின நாளே போய் திருப்பூணித்துறையிலயோ காக்கநாட்டுலயோ தங்குங்க. எர்ணாகுளம் டவுனுக்குள்ள ரூம் போட்டா காலையில டிராபிக்ல மாட்டுவீங்க. கார்ல போறதா இருந்தா என்.எச். 66ல பல இடத்துல ரோடு வேலை நடக்கு, மேப் காட்டுற நேரத்தை நம்பாம ரெண்டு மணி நேரம் கூட்டி வச்சுக்கிடுங்க.

டிக்கெட் வயசை வச்சு இல்ல, உயரத்தை வச்சு. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட். பையன் விஷயத்துல இதுதான் முக்கியம். தலைகீழாச் சுத்துற பெரிய ரைடு பலதுக்கும் 140 செ.மீ. வேணும், 138ன்னா விடமாட்டாங்க. கெஞ்சியும் பிரயோஜனம் இல்ல, பாதுகாப்புக் கம்பி பூட்டுறதே அந்த உடம்பு அளவுக்குத்தான். வீட்டுச் சுவர்ல செருப்பில்லாம நிறுத்தி இப்பவே அளங்க. எட்டலேன்னா எந்தெந்த ரைடு கிடைக்காதுன்னு பையன்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. அங்க கேட்ல வச்சு அழுதா உங்க எல்லாருக்கும் நாள் கெட்டுப்போகும்.

துணி விஷயம்: தண்ணி ரைடுக்கு பருத்தித் துணி, ஜீன்ஸ், புடவை, சுடிதார் எதுவும் விடமாட்டாங்க. நைலான், பாலியஸ்டர் மாதிரி துணிதான். பருத்தி நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும், தண்ணி குடிச்சு கனத்துத் தொங்கும், சறுக்குல உராசி தோலையும் உரிக்கும். இங்க செட்டிக்குளம், மார்த்தாண்டம் கடைகள்லயே வாங்கிட்டுப் போங்க, பார்க் கடையில விலை கூட. வார் வச்ச ரப்பர் செருப்பு எல்லாருக்கும் வேணும், மதியம் சிமெண்ட் தரை கொதிக்கும்.

உள்ள போனதும் வாசல் பக்கத்து ரைடுல எல்லாரும் நிப்பாங்க, நீங்க நேரே பின்பக்கம் போயிருங்க. தலை சுத்துற ரைடு எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் சின்னப்பிள்ளை ரைடு, நிழல்ல உக்காரல். அப்புறம் தண்ணி. நனைஞ்சபிறகு திரும்ப உலர்ந்த ரைடுக்கு வரணும்னா உடுப்பு மாத்தணும், லாக்கருக்கு நடக்கணும், அதுலயே முக்கால் மணி நேரம் போயிரும். நீள வரிசையில நிக்காம சீக்கிரம் உள்ள போற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் கூட்ட நாளுக்கு மட்டும்தான் லாபம்.

மாமியாருக்கு பிபி இருக்கிறதால வேகமான ரைடு எதுலயும் ஏத்தாதீங்க. மூத்த குடிமக்களுக்கு சலுகை உண்டு, வயசு காட்டுற கார்டு ஒரிஜினலாக் கையில வேணும். சக்கர நாற்காலியை வாசல்லயே கேட்டு வாங்கிருங்க, மதியத்துக்கு மேல கிடைக்கிறது பாடு.

குளச்சல் கடலோரம்:

பார்க் மறுநாளே கப்பல் என்பது வேண்டாம். தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்த பிள்ளைகளுக்கு அன்றிரவே சளியோ காய்ச்சலோ வரலாம், அந்த நிலையில் துறைமுகத்தில் சுகாதாரக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டியிருக்கும். நடுவில் ஒரு நாள் ஓய்வாவது விடுங்கள். கப்பல் புறப்படும் நேரம் வேறு, செக்-இன் கவுண்டர் மூடும் நேரம் வேறு. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ரயில் தாமதம் என்று சொன்னால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. முந்தின இரவே துறைமுக ஊரில் இருக்க வேண்டும்.

எந்தத் துறைமுகம் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை மீன் பெருக்கத்துக்காக என்றாலும், மேற்குக் கரையில் ஆனி, ஆடிக் கடல் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் கம்பெனிகளும் அதைப் பார்த்துத்தான் இடம் மாற்றுகின்றன. கார்டீலியா என்ற கப்பல் கம்பெனியின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னைக்கு வந்ததும் தென்மேற்குப் பருவத்தில்தான். மற்ற மாதங்களில் மும்பைதான் அதற்கு மையம். மும்பையிலிருந்து கொச்சி, லட்சத்தீவு போகும் பயணங்களில் கொச்சி பெரும்பாலும் நடுவில் வரும் துறை. உங்கள் டிக்கெட்டில் ஏறும் துறை எது, இறங்கும் துறை எது என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள். கொச்சியில் ஏறி மும்பையில் இறங்கினால் திரும்பி வரும் செலவு யாருடையது?

சென்னை என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் ஒரு நாள் தங்கி ஏறுவது சுலபம். மதியம் நாகர்கோவிலிலிருந்து புறப்படும் வந்தே பாரத்தும் இருக்கிறது, எழும்பூர் போய்ச் சேர இரவு 11 ஆகும். இலங்கைத் துறைமுகம் சேர்ந்த பயணம் என்றால் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஒரு கேபின் ஐந்து பேருக்குப் போதாது. பெரும்பாலான கேபின் அதிகபட்சம் நான்கு பேருக்கு, அதிலும் இரண்டு படுக்கை சுவரிலிருந்து மடித்து இறக்குவது, ஏணியில் ஏற வேண்டும். உங்கள் மாமியாரும் 5 வயது மகளும் மேல்படுக்கையில் படுக்கக் கூடாது. எம்பிரஸ் 1990இல் கட்டிய கப்பல், அறைகள் சிறியவை. பக்கத்துப் பக்கத்தில் அல்லது எதிரெதிரே இரண்டு கேபின் கேளுங்கள். இரண்டும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குக் கிட்டே இருக்கட்டும். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் நுனியில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பலிலும். பக்கவாட்டு ஆட்டத்தைக் கப்பலின் இருபுறமும் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் மீன் துடுப்பு போன்ற தகடுகள் அடக்கும், முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதை அவை அடக்காது. குளியலறை வாசலில் உயரமான படி இருக்கும், முட்டுவலிக்காரருக்கு இரவில் அதுதான் ஆபத்து. படியில்லாத அறைகள் ஒரு சிலவே, புக் செய்யும்போதே கேட்டால்தான் உண்டு.

வாந்தி மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போட்டால் பலன் குறைவு. ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். பிபி மாத்திரையோடு சேருமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட உண்டதும் கூடாது. குமட்டினால் அறைக்குள் படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணும் காதின் உட்பகுதியும் வேறு வேறு சேதி சொல்வதால்தான் குமட்டுகிறது.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலை ஆகிவிடும். மாத்திரை, பிள்ளைகளின் மாற்றுடை, நீச்சல் உடை, அடையாள அட்டை இவை கைப்பையில். அயர்ன் பாக்ஸ், கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டு எடுத்துப்போனால் பிடித்து வைத்துவிடுவார்கள். பாதுகாப்புப் பயிற்சியை யாரும் தவிர்க்க முடியாது. ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடம் எது என்று பிள்ளைகளையும் நடந்து பார்க்கச் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:

விளம்பரத்துல போடுற தொகை பெரும்பாலும் ரெண்டு பேர் ஒரு அறையில தங்கினா ஆளுக்கு ஆகுற அடிப்படைக் கட்டணம். அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி. மூணும் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு ஒரே தாள்ல கேளுங்க. மூணாவது நாலாவது ஆளுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டணம் குறையும். நீங்க ரெண்டு கேபின் எடுக்கிறதால அந்தச் சலுகை எப்படிப் பிரியுதுன்னு ரெண்டு விதமாப் போட்டுப் பாருங்க: மூணும் ரெண்டும், இல்ல நாலும் ஒண்ணும். தனி ஆளுக்கு ஒரு கேபின்னா ஏறக்குறைய ரெண்டு பேர் காசு வாங்குவாங்க, அதனால மூணும் ரெண்டும்தான் குறைவா வரும். மாமியார்கூடப் பையன் படுக்கட்டும்.

கட்டணத்துக்குள்ள வர்றது முக்கியச் சாப்பாட்டுக்கூடம், நீச்சல்குளம், மேடை நிகழ்ச்சி. சில ஸ்பெஷல் உணவகம், குளிர்பானம், கரையில சுத்திப் பார்க்கிற டூர், இன்டர்நெட் எல்லாம் தனிக் காசு. கப்பல்ல ரூபாய் நோட்டு செல்லாது, அறைச் சாவி அட்டையில கணக்கு ஏறும், இறங்கும்போது மொத்தமாக் கட்டணும். பிள்ளைகள் அட்டையில வாங்குற வசதியை முதல் நாளே வரவேற்பு மேசையில நிறுத்தச் சொல்லுங்க. தினமும் ராத்திரி கணக்கைப் பார்த்துக்கிட்டா கடைசி நாள் தகராறு இல்ல.

எல்லாரும் ஏமாறுற இடம் போன். கரை மறைஞ்சதும் கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் போன் தானாப் பிடிச்சுக்கும். சாதாரண ரோமிங் பேக் அதுக்குச் செல்லாது, பின்னணியில ஓடுற டேட்டாவுக்கே பெரிய பில் வரும். ஏறினதும் எல்லாப் போனையும் ஏர்பிளேன் மோடுல போட்டு வைஃபை மட்டும் ஆன் பண்ணுங்க.

தக்கலைக்காரி:

ரொம்ப நன்றி. பையனை அளந்தோம், 136 செ.மீ., மகள் 107. அப்போ பார்க்கை டிசம்பருக்கோ மாசிக்கோ வச்சுட்டு, கப்பலைத் தனியாப் போடுறோம். மாமியாருக்கு கடல் ஒத்துக்குமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி உண்டா? லட்சத்தீவு பயணம் அவங்களுக்குச் சரியா?

குளச்சல் கடலோரம்:

லட்சத்தீவு வேண்டாம் அக்கா. தீவுக்குக் கிட்டே பெரிய கப்பல் ஒட்டாது. நடுக்கடலில் கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு இறங்க வேண்டும், அலையில் படகு ஏறி இறங்கும் நேரத்தில் சட்டென்று கால் வைக்க முட்டு ஒத்துழைக்க வேண்டும். கடல் சரியில்லையென்றால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். அனுமதிச் சீட்டும் தனியாக வேண்டும்.

பரீட்சித்துப் பார்க்க நல்ல வழி கொச்சியிலேயே இருக்கிறது. கேரள அரசு நிறுவனத்தின் நெஃபர்டிட்டி என்ற உல்லாசக் கப்பல், 48.5 மீட்டர் நீளம், 200 பேர் வரை ஏறலாம், போல்காட்டியிலிருந்து சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்வரும். பார்க்குக்குப் போகும் பயணத்திலேயே மறுநாள் மாலை இதில் ஏறிப் பாருங்கள், டிசம்பர் முதல் மாசி வரை கடல் அமைதியாக இருக்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகு ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது சின்னப் படகு, பாறைக்கிட்டே அலை திரும்பி அடிக்கிற இடம், அங்கே குமட்டுகிறவருக்கும் பெரிய கப்பல் ஒன்றும் செய்யாமல் போகலாம். நெஃபர்டிட்டியில் மூன்று மணி நேரம் தெம்பாக இருந்தார் என்றால் சென்னைக் கப்பலில் ரெண்டு ராத்திரிப் பயணமாகப் போடுங்கள். முதல் தடவையே அஞ்சு ராத்திரி எடுக்க வேண்டாம்.

வடசேரி வாசி:

136ன்னா டிசம்பருக்குள்ள 140 எட்டுறது கஷ்டம் அக்கா, மாசிக்கும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு வருஷம் தள்ளிப் போட்டாலும் நல்லதுதான், மகளும் அதுக்குள்ள இன்னும் வளர்ந்திருவா. இந்த லீவுல தண்ணி விளையாட்டு மட்டும் போதும்னா கன்னியாகுமரி பே வாட்ச், இல்ல திருவனந்தபுரம் வெம்பாயத்துல ஹேப்பிலேண்ட் இருக்கு. காலையில போய் ராத்திரி வீட்டுல படுக்கலாம். கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் போட்டு எந்தெந்த ரைடு ஓடுதுன்னு கேட்டுக்கிடுங்க, பராமரிப்புக்குன்னு ஒண்ணு ரெண்டு நிறுத்தி வச்சிருப்பாங்க.