புதுப்பிப்பு: ரெகெக்ஸ் ஹாஷ்களை இரட்டிப்பாக எண்ணிய காரணம்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் பார்க்கும் சர்வர் பதிவுகளில், எம்டி5 ஹாஷ்களைத் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற 32 எழுத்துக் குறியீடு) தேடும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் சூத்திரம்), கோப்புகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு விடை தருகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது!

0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை (ஹெக்ஸ் எழுத்துகள்) 32 எழுத்து தொடர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். கோப்புகளுக்கு இருந்ததோ ஷா-256 என்ற வேறு வகை 64 எழுத்து ஹாஷ். ஒவ்வொன்றையும் ரெகெக்ஸ் இரண்டாக வெட்டி எண்ணியிருக்கிறது.

சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் சொல்லெல்லைக் குறியை ரெகெக்ஸில் சேர்த்தேன்; அடிக்கோட்டை (_) ஒட்டி வந்த ஹாஷ்கள் தேடலில் சிக்காமல் தப்பிவிட்டன. அடிக்கோடும் சொல்லின் பகுதியாகவே கொள்ளப்படுகிறது. எனவே முன்னும் பின்னும் இன்னொரு ஹெக்ஸ் எழுத்து வரக்கூடாது என்று நிபந்தனை வைத்தேன். இப்போது கணக்கு நேராக இருக்கிறது.

கோடுகள் நீக்கிய யூயூஐடியும் (ஒன்றைத் தனித்து அடையாளம் காட்டும் குறியீடு) 32 ஹெக்ஸ் எழுத்துதான். அதைப் பிரிக்க, பக்கத்தில் உள்ள புலப்பெயரையும் (அந்த மதிப்பு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெயர்) சேர்த்துப் பார்க்கிறேன்.