கதிர் வர்றதுக்கு முன்னாடி நெல்லையும் புல்லையும் எப்படி பிரிச்சு பார்க்கறது?

சேத்துவயல்:
எல்லாருக்கும் வணக்கம். நேரடி விதைப்பு நெல்லு, விதைச்சு மூணு வாரம் கிட்ட இருக்கும். வயல் முழுக்க பச்சையா ஒரே மாதிரி நிக்குது, எது நெல்லு எது புல்லுனு பிரிக்கவே முடியல. நட்ட வயலா இருந்தா வரிசைக்கு வெளிய நிக்கறத புடுங்கி போட்டுடலாம், இதுல வரிசையே கிடையாதே. நெட்ல தேடினா எல்லா போட்டோவும் கதிர் வந்த பிறகு எடுத்ததா இருக்கு, கதிர் வந்தா சின்ன பையனுக்கு கூட தெரியும், அப்ப தெரிஞ்சு என்ன பண்றது. சிலது அடித்தண்டு செவப்பா இருக்கு, சிலதுல இல்ல, நடுவுல கோரையும் கொஞ்சம் தலை காட்டுது. மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி என்ன களைனு தெரிஞ்சுக்கோங்கனு எல்லாரும் சொல்றாங்க, எப்படி தெரிஞ்சுக்கறதுனு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பச்சைமண்:
தம்பி, நின்னுக்கிட்டு பார்த்தா எங்களுக்கும் தெரியாது, குனிஞ்சு ஒரு செடிய கையில புடிக்கணும். இலை தண்டை விட்டு பிரிஞ்சு வெளிய வர்ற இடம் இருக்கு பாருங்க, அந்த மடிப்புதான் எல்லாமே. இலைய மெதுவா பின்னாடி வளைச்சு உள்பக்கம் பாருங்க. நெல்லுனா அங்க மெல்லிசா வெள்ளையா ஒரு ஜவ்வு நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கும், நுனி ரெண்டா பிளந்திருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் தண்டை கட்டிப் புடிச்ச மாதிரி சின்ன காது, அதுல முடி இருக்கும். குதிரைவாலிப் புல்லுல (நாம சாப்பிடற குதிரைவாலியோட காட்டு சொந்தம்தான், அதான் அந்த பேரு) நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, மொழுக்குனு இருக்கும். அவ்ளோதான். இந்த ஒன்ன கத்துக்கிட்டாலே நெல் வயல்ல பாதி சந்தேகம் போயிடும்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ரொம்ப குட்டி செடியில இது தெளிவா தெரியாது, மூணு நாலு இலை வந்த செடியா எடுங்க. கீழ இருக்கற கிழட்டு இலையிலயும் பார்க்காதீங்க, காது உதிர்ந்து போயிருக்கும், மேல புதுசா விரிஞ்ச இலையில பாருங்க. அப்புறம் இலைய நுனியிலிருந்து அடிக்கு தடவிப் பாருங்க, நெல்லு பெரும்பாலும் சொரசொரனு இருக்கும், குதிரைவாலி வழவழனு போகும், நடு நரம்பும் வெள்ளையா எடுப்பா தெரியும். இன்னமும் சந்தேகமா இருந்தா ஒன்ன வேரோட பதமா எடுத்து கழுவிப் பாருங்க, இந்த வயசுல அடியில விதையோட உமி பல சமயம் ஒட்டிக்கிட்டு இருக்கும். நெல் உமி பெருசு, புல் விதை பொடிசு, பார்த்த உடனே தெரிஞ்சிடும்.

கோரைக்கிழங்கு:
பச்சைமண் அண்ணன் சொன்னது ரொம்ப சரி. செவப்பு அடி பத்தி மட்டும் நான் சொல்றேன். அதை நம்பாதீங்க. குதிரைவாலிக்கு அடி தட்டையா செவப்பேறி இருக்கறது சகஜம்தான், ஆனா எல்லா செடியிலயும் இருக்காது, நெல்லுலயே சில ரகத்துக்கு அடி ஊதாவா வரும். கலர பார்த்து புடுங்க சொல்லி ஆளுங்கள விட்டா நெல்லும் சேர்ந்து போகும்.

கோரைய கண்டுபிடிக்க இவ்ளோ கஷ்டமே வேணாம். தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டுங்க, கோரை பெரும்பாலும் முக்கோணம், உருளாம தட்டும், கணுவும் இருக்காது. புல்லுக்கு உருண்டையாவோ தட்டையாவோ இருக்கும், கணு தெரியும். இலையும் கோரைக்கு மூணு திசையில கிளம்பும், புல்லுக்கு எதிரெதிரா ரெண்டு பக்கம்தான். நெல் வயல்ல ஒரு வகை இருக்கு, அடி விசிறி மாதிரி தட்டையா விரிஞ்சு நிக்கும், அதுல தண்டு முக்கோணமானு தேடிட்டு இருக்க வேணாம், அந்த விசிறிய பார்த்தாலே போதும், பின்னாடி குட்டி குட்டியா பழுப்பு உருண்டை பூ வரும்.

ஆனா முக்கியமா பார்க்க வேண்டியது கோரையோட அடியில கிழங்கு இருக்கா இல்லையாங்கறது. விதையில முளைக்கற கோரைய இளசுல புடுங்கினா கதை முடிஞ்சுது. கிழங்குக் கோரைய புடுங்கினா மேல இருக்கறது மட்டும் கையோட வரும், கிழங்கு மண்ணுலயே சங்கிலியா கிடந்து திரும்ப முளைக்கும். அது மேட்டு நிலத்துலதான் ஜாஸ்தி தொல்லை, தண்ணி நிக்கற வயல்ல அவ்வளவா வராது.

மேட்டுக்காடு:
நெல்லு எனக்கு தெரியாது, நான் சோளம் மக்காச்சோளம் ஆளு, ஆனா தலைப்பு பார்த்து ஒன்னு சொல்லாம போக முடியல. எங்க பயிர்ல புல்ல கண்டுபிடிக்கறது ஈசி, இலை அகலமே காட்டிக் கொடுத்துடும். பயமே சுடுமல்லிக்குதான். அது மேல வர்றதுக்கு முன்னாடியே அடியில சோளத்தோட வேர்ல ஒட்டி உறிஞ்ச ஆரம்பிச்சிடும், பயிர் வாடி மஞ்சளடிச்சு நிக்கும், தண்ணி பத்தலனு நினைச்சு தண்ணி கட்டுவோம், அப்புறம் பார்த்தா அடியில சின்னதா பூ பூத்து நிக்கும். ஒரு செடியில விதை ஆயிரக்கணக்குல, தூசி மாதிரி, மண்ணுல பல வருஷம் உசுரோட கிடக்கும். அதனால ஈரம் இருந்தும் சோளம் திட்டு திட்டா வாடினா அடிய உத்துப் பாருங்க. பூக்கறதுக்கு முன்னாடி புடுங்குங்க, விதை விழுந்துட்டா பல வருஷத்துக்கு அதோடதான் குடித்தனம்.

சேத்துவயல்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பதான் வயல்லேர்ந்து வர்றேன். நாக்கு காது டெஸ்ட் சூப்பரா வேலை செய்யுது, பாதிக்கு மேல குதிரைவாலிதான். ஆனா ஒரு புல்லு குழப்புது. இலை ஒல்லியா, வழவழனு இருக்கு, நாக்கு இருக்கற மாதிரியும் இருக்கு இல்லாத மாதிரியும் இருக்கு, குட்டையா ஓரம் கிழிஞ்சு முடி முடியா நிக்குது. காது இல்ல. இது என்னங்க? அப்புறம் அகல இலையில ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் தெரியுது, அது பரவால்ல.

பச்சைமண்:
கிழிஞ்ச நாக்குனா அது லெப்டோகுளோவா. பின்னாடி மெல்லிசா பரந்த கதிர் வரும், ஊதா சாயம் அடிச்ச மாதிரி. நல்லவேளை இப்பவே பார்த்தீங்க, ஏன்னா மருந்து மாறுது. பிஸ்பைரிபேக் சோடியம் குதிரைவாலிய நல்லா அடக்கும், கோரையிலயும் அகல இலையிலயும் பலது போகும், ஆனா லெப்டோகுளோவாவுக்கு அது சரிப்படாது. அத அடிச்சிட்டு மத்ததெல்லாம் செத்து இது மட்டும் கொழுகொழுனு வளர்றத நிறைய பேர் பார்த்திருப்பாங்க, மருந்து டூப்ளிகேட்னு சண்டைக்கும் போவாங்க. இதுக்கு சைஹாலோபாப் பியூட்டைல் கேக்கும், ஆனா அது புல்லுக்கு மட்டும்தான், கோரைய தொடாது. ரெண்டையும் இஷ்டத்துக்கு ஒரே டேங்க்ல கலக்காதீங்க, லேபிள்ல என்ன போட்டிருக்கோ அளவும் அதே, நாளும் அதே. புல்லு நாலு இலைய தாண்டிட்டா எதுவா இருந்தாலும் வேலை குறையும், அதனால தள்ளிப் போடாதீங்க.

கோரைக்கிழங்கு:
இன்னொன்னு விட்டுப் போச்சு. நாக்கும் இருக்கு, காதும் இருக்கு, உமியும் நெல் உமிதான், ஆனா களை. அதான் களைநெல். இப்ப எந்த டெஸ்ட் பண்ணாலும் தெரியாது, அதுவும் நெல்லு இனம்தான், நெல்ல விட்டுட்டு அத மட்டும் கொல்லணும்னா சாதா ரகத்துல மருந்தும் கிடையாது. பயிர் வளர்ந்த பிறகு மத்தத விட உசரமா, முன்னாடியே கதிர் தள்ளி நிக்கும், சிலதுல மணிக்கு நீளமா மீசை இருக்கும், லேசா தொட்டாலே மணி கொட்டும், உரிச்சா அரிசி பெரும்பாலும் செவப்பு. கதிர் தள்ளின உடனே, மணி கொட்டறதுக்கு முன்னாடி நடந்து அறுத்து வெளிய கொண்டு போயிடுங்க, வரப்புல போட்டுடாதீங்க. இந்த வருஷம் நிறைய கண்ணுல பட்டுச்சுனா அடுத்த போகம் விதைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி விட்டு முளைக்க வச்சு, அத அழிச்சிட்டு அப்புறம் விதைங்க, இல்லனா அந்த வயல மட்டும் நடவுக்கு மாத்திடுங்க.

சேத்துவயல்:
சரிங்க அண்ணே. லெப்டோகுளோவா ஒரு மூலையில மட்டும்தான் இருக்கு, அத ஆள் வச்சு கையால எடுத்துட்டு மீதிக்கு பிஸ்பைரிபேக் அடிக்கலாம்னு இருக்கேன். வயல்ல இப்ப தண்ணி நிக்குது, வடிச்சிட்டுதானே அடிக்கணும்?

பச்சைமண்:
ஆமா, களையோட இலை வெளிய தெரியணும், அதனால வடிச்சிட்டு ஈரத்துல அடிங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப தண்ணி கட்டி நிறுத்துங்க, அப்பதான் புதுசா முளைக்காது. அந்த மூலைய மட்டும் அடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, மருந்து அடிச்ச வயல்ல உடனே ஆள இறக்க வேணாம்.