வண்டல் குப்பிகளில் குளோரின் நீக்கம் சிஸ்-டைகுளோரோஎத்திலீனோடு நின்றுவிட்டது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். டெட்ராகுளோரோஎத்திலீன் (நான்கு குளோரின் அணுக்கள் கொண்ட கரைப்பான்) கலந்த வண்டலைக் காற்றுப் புகாத சீரம் குப்பிகளில் அடைத்து, உணவாக லாக்டேட் கொடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்கள் குளோரினை எதுவரை நீக்குகின்றன என்று ஆராய்ந்து வருகிறேன். டெட்ராகுளோரோஎத்திலீன் விரைவாகக் குறைந்து, டிரைகுளோரோஎத்திலீன் வழியாக சிஸ்-டைகுளோரோஎத்திலீனாக மாறியது. அதன்பின் அசைவே இல்லை. கேஸ் குரோமட்டோகிராபியில் அடுத்த படிகளான வினைல் குளோரைடும், குளோரின் முழுதும் நீங்கிய எத்திலீனும் தென்படவில்லை, மீத்தேன் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆக்சிஜன் புகுந்தால் இளஞ்சிவப்பாகும் ரெசாசுரின் சாயம் நிறமற்றே உள்ளது. பிஎச் 7.1-லிருந்து 6.1-க்கு இறங்கிவிட்டது. லாக்டேட்டை இன்னும் கூட்டலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து கூட்ட வேண்டாம். லாக்டேட் வேகமாக நொதித்து ஹைட்ரஜனை ஒரேயடியாக வெளியிடுவதால் அதில் பெரும்பங்கு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கே போய்ச் சேருகிறது. நொதித்தலில் பிறக்கும் அமிலங்கள்தாம் பிஎச்சையும் கீழே இழுத்திருக்கின்றன. வினைல் குளோரைடைத் தாண்டி எத்திலீன் வரை செல்லும் டிஹாலோகாக்காய்டஸ் என்ற பாக்டீரியா நடுநிலை பிஎச்சில் நன்றாக வளரும், 6-ஐ நெருங்கும்போது முடங்கிவிடும். முதலில் ஆக்சிஜன் நீக்கிய பைகார்பனேட் கரைசலால் பிஎச்சை 7-க்கு அருகில் கொண்டுவாருங்கள். பிறகு லாக்டேட்டுக்குப் பதிலாக பியூட்டிரேட் கொடுத்துப் பாருங்கள்: ஹைட்ரஜன் குறைவாக இருக்கும்போது மட்டுமே அது நொதிக்கும் என்பதால் ஹைட்ரஜன் மெல்ல மெல்லக் கசிகிறது, அந்தக் குறைந்த அளவில் குளோரின் நீக்கிகளே மீத்தேன் உயிரிகளை முந்துகின்றன.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆனால் தேவையான உயிரி வண்டலில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஜியோபாக்டர் லவ்லியை போன்ற பாக்டீரியாக்கள் டெட்ராகுளோரோஎத்திலீனை சிஸ்-டைகுளோரோஎத்திலீன் வரை கொண்டுவந்து விட்டுவிடும். உங்கள் குப்பிகளில் இதுவரை நடந்தது அவற்றின் வேலையாகவே இருக்கக்கூடும். டிஹாலோகாக்காய்டஸ் இருப்பதாக, பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு காட்டினாலும் அது மட்டும் போதாது. எத்திலீன் வரை செல்லும் முதல் தூய வளர்ப்பாக 1997-இல் அறிவிக்கப்பட்ட, அதன் 195 என்ற வகைகூட, வினைல் குளோரைடை மெதுவாகவே மாற்றும், அதைக்கொண்டு வளராது. ஆகவே மரபணு எண்ணிக்கையை அளக்கும் அளவறி பிசிஆர் சோதனையில், வினைல் குளோரைடை எத்திலீனாக்கும் நொதிகளுக்கான விசிஆர்ஏ, பிவிசிஏ ஆகிய மரபணுக்களைத் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிஎச்சைச் சரிசெய்து பியூட்டிரேட்டுக்கு மாறினேன். விசிஆர்ஏ இருக்கிறது, எண்ணிக்கைதான் மிகக் குறைவு. வினைல் குளோரைடு இப்போது சிறிதளவு தெரிகிறது, எத்திலீன் இன்னும் இல்லை.

மறுமொழி 2:
நல்ல செய்தி, உயிரி இருக்கிறது, அது பெருகவே காலம் எடுக்கிறது. இவை மிக மெதுவாக வளர்பவை, தவிரவும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் பி12-ஐத் தாமே முழுமையாக உருவாக்க முடியாதவை. ஆய்வக ஊடகங்களில் வழக்கமாகச் சேர்க்கும் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவில் பி12 சேர்த்துப் பாருங்கள். வண்டலில் சல்ஃபேட் அதிகமாக உள்ளதா, குளோரோஃபார்ம் கலந்துள்ளதா என்றும் அளந்துவிடுங்கள். முன்னது ஹைட்ரஜனுக்குப் போட்டியை உண்டாக்கும், பின்னது மிகச் சிறிய அளவிலேயே வினைல் குளோரைடு நீக்கத்தைத் தடுக்கும்.

மறுமொழி 1:
இன்னொன்று. எத்திலீன் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் குரோமட்டோகிராமைப் பெரிதாக்கிப் பாருங்கள். குரோமட்டோகிராபிக் கருவியின் சில பிரிப்புக் குழாய்களில் மீத்தேனின் உயர்ந்த சிகரம் வால்போல் நீண்டு, அதை அடுத்து வரும் எத்திலீனின் சிறு சிகரத்தை விழுங்கிவிடும். டெட்ராகுளோரோஎத்திலீனிலிருந்து எத்திலீன் வரை எல்லாவற்றையும் மோல் கணக்கில் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்துகொண்டே வந்தால், கழிந்த பங்கு அடைப்பான் வழியே போயிருக்கலாம், டெஃப்லான் முகப்பிட்ட பியூட்டைல் ரப்பர் அடைப்பானுக்கு மாறுவது நல்லது. வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான வேதிப்பொருள். அது சேரத் தொடங்கியிருக்கும் இந்த நிலையில் குப்பிகளை, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே திறக்காதீர்கள்.