கானாங்கெளுத்தி நீளம்–எடைக் கணக்கில் 'பி' 2.2 வருகிறது, எங்கே தவறு?

விலங்கியல்_மாணவி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு வேலூர் மீன் மார்க்கெட்டில் கானாங்கெளுத்தி வாங்கி அளக்கிறோம். இதுவரை 64 மீன், எல்லாம் 17 முதல் 20 செ.மீ. 5 கிராம் படியுள்ள தராசு. பி மதிப்பு (எடை = ஏ × நீளத்தின் பி அடுக்கு என்ற கணக்கில் வரும் அடுக்கு) 2.2 வருகிறது. மீன் எவ்வளவு கொழுத்தது என்று காட்டும் உடல்நிலைக் குறியீடு கே 0.9-லிருந்து 1.4 வரை அலைகிறது. மீன் எல்லாமே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இதே அளவுகளை வைத்து வளர்ச்சி வேகமும் எழுதலாமா?

கடல்_அளவன்: முதலில் வாலைப் பாருங்கள் அம்மா. வால் நுனி முறிந்த மீனுக்கு வால் பிளவு வரை அளந்திருக்கிறீர்களா? கே என்பது 100 × எடை ÷ நீளத்தின் கனம் (கிராம், செ.மீ.). 58 கிராம் மீனுக்கு முழு நீளம் 18 செ.மீ. என்றால் கே 0.99. அதே மீனைப் பிளவு வரை 16.4 என்று அளந்தால் 1.31. உங்கள் 0.9–1.4 அலைச்சலில் பெரும்பங்கு இதுவாகவே இருக்கும். கானாங்கெளுத்திக்குப் பிளவு வரை அளப்பதே நல்லது, ஏனென்றால் வால் நுனி சீக்கிரம் உடையும். எதை எடுத்தாலும் 64 மீனுக்கும் அதையே எடுங்கள். நோட்டில் எந்த நீளம் என்று எழுதி வையுங்கள். வாய் மூடியிருக்க வேண்டும், மீன் பலகையில் நேராகக் கிடக்க வேண்டும். விறைத்து வளைந்த மீனை இழுத்து நீட்டாதீர்கள்.

தராசு அடுத்தது. 5 கிராம் படி என்றால் 58 கிராம் மீனில் இரண்டரை கிராம் வரை பிசகு, அதாவது 4 சதவீதத்துக்கு மேல். 0.1 கிராம் தராசு வேண்டும். ஐஸ் தண்ணீரைச் செவுளிலிருந்து வடித்து, துணியால் ஒற்றிவிட்டு நிறுங்கள். குடல் எடுத்த மீனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முட்டை நிறைந்த மீனில் கே தானாக ஏறும், அது கொழுப்பு அல்ல. அதனால் வயிற்றைத் திறந்து இனப்பெருக்க உறுப்பைத் தனியாக நிறுத்து, உடல் எடையில் எத்தனை சதவீதம் என்றும் குறியுங்கள்.

பி 2.2-க்குக் காரணம் வேறு. வியாபாரி ஒரே சைஸாகப் பிரித்து வைத்த மீனை வாங்குகிறீர்கள். 3 செ.மீ. அகலத்துக்குள் லாக் போட்டுக் கோடு இழுத்தால் அதன் சாய்வு, அதாவது பி, சின்னப் பிழைக்கே ஆடிவிடும். பொடி மீனும் பெரிய மீனும் சேர்ந்தால் பெரும்பாலும் 3-ஐ ஒட்டி வரும்.

ஆர்க்காடு_நண்பர்: வளர்ச்சி வேகத்தை இதில் எழுதாதீர்கள். ஒரு நாள் சந்தையில் வாங்கிய மீனில் காலம் என்பதே இல்லை. மாதாமாதம் ஒரே இறங்குதளத்தில், ஒரே வலையில் வந்த, தரம் பிரிக்காத மீனின் நீளப் பரவல் வேண்டும். இன்னொரு பொறி: கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் இங்கே கிடைப்பது அக்கரைச் சரக்காக இருக்கலாம். சராசரி நீளம் தாவினால் அது மீன் வளர்ந்ததல்ல, கடல் மாறியது. பெட்டி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுங்கள்.

வளர்ச்சியைக் கணக்கிடும் வான் பெர்ட்டலான்ஃபி சமன்பாட்டில் வரும் கே வேறு, உங்கள் கே வேறு. முன்னது உச்ச நீளத்தை எட்டும் வேகம். இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வைவாவில் பலரும் குழம்பும் இடம் இது.

விலங்கியல்_மாணவி: நன்றி சார். செவிக்கல்லை (மீனின் உள்காதில் உள்ள சிறு கல்) எடுத்து, அதன் வளையங்களை எண்ணி வயது பார்த்தால்?

கடல்_அளவன்: பழக வேண்டுமென்றால் கத்தாழை மீனில் ஆரம்பியுங்கள், அதன் கல் பெரிது. கானாங்கெளுத்தியில் மெல்லியது, இடுக்கி அழுத்தினாலே உடையும். மண்டை ஓட்டின் மேல்பகுதியைச் சீவி, மூளையை விலக்கினால் கீழே இரு பக்கமும் பைக்குள் இருக்கும். கழுவி, உலர்த்தி, சிறு குப்பியில் போடுங்கள். மீனை ஃபார்மலினில் ஊறவைத்த பிறகு எடுக்காதீர்கள், அதன் அமிலம் கல்லைக் கரைக்கும். நம் வெப்பக் கடலில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. நாள் வளையம் எண்ணத் தேய்த்து மெருகேற்றிய சீவலும் நல்ல நுண்ணோக்கியும் வேண்டும். இந்த ப்ராஜெக்ட்டுக்கு நீளம், எடை, பாலினம், இனப்பெருக்க நிலை போதும்.

விலங்கியல்_மாணவி: 64-ஐயும் பிளவு நீளத்தில் மறுபடி அளக்க முடியாது, மீன் இல்லை. புதிதாகவே தொடங்குகிறோம், தரம் பிரிக்காத பெட்டியிலிருந்து.