வலிப்பு மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

ஜிம்மா வாத்தியார்: எத்தியோப்பியாவில் நான்கு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். எங்கள் விடுதிக் காவலாளியின் தம்பிக்கு வலிப்பு. மாதம் ஒருமுறை நர்ஸ் நடத்தும் கிளினிக்கில் பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மாத்திரை தருவார்கள். மலையிலிருந்து இறங்கி வர நாலு மணி நேர நடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, ஆறு கடக்க விடாது. இரண்டு மாதம் தவறிப்போய் மூன்றாம் மாதம் வந்தவனை, "ஒழுங்காக வராதவனுக்கு எதற்கு மருந்து?" என்று கேட்டார்களாம். மொத்தமாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடுங்காப்பி: தூரம் ஒரு சாக்கு, வாத்தியாரே. வலிப்பு தீரும் என்று கோயில் புனித நீருக்காக நாள் கணக்கில் நடக்கிறவர்களுக்கு கிளினிக் மட்டும் எட்டாதா? வலிப்பு வந்தவன் மூக்கில் தீக்குச்சிப் புகை காட்டுகிற ஊர் அது.

ஜிம்மா வாத்தியார்: நாம் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதை மறந்துவிட்டீர்கள். புனித நீருக்கு எப்போதோ ஒருமுறை போவார்கள். மாத்திரைக்கு வருடம் பன்னிரண்டு தடவை போக வேண்டும். 1980களில் அதே நாட்டில் புட்டாஜிரா என்ற ஊர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் சுமார் 60,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். 316 பேருக்கு வலிப்பு. அதில் மருந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கிடையாது. கிடைக்காத மருந்தை எங்கே போய் நம்புவது?

மாத்திரைக்கடை: நான் மருந்தாளுநர். வாத்தியாரின் கோபம் நியாயம், யோசனைதான் ஆபத்து. 1912இலிருந்து விற்கிற மலிவான மருந்துதான். ஆனால் அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். தொண்ணூறு நாள் மாத்திரை ஒற்றை அறைக் குடிசையில் குழந்தை கைக்கு எட்டும்படி கிடந்தால்?

ஜிம்மா வாத்தியார்: மருந்து திடீரென்று நின்றால்?

மாத்திரைக்கடை: அது இன்னும் மோசம். வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிரையே எடுக்கும். அதனால் புதிதாக ஆரம்பித்தவர்கள் மாதாமாதம் வரட்டும், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வலிப்பு அடங்கியவர்களுக்கு மழைக்கு முன்பு சேர்த்துக் கொடுக்கலாம். அங்கே 2003இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில் கிராமத்துக்கு இரண்டு சுகாதாரப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்து வைத்தால் ஆற்றைத் தாண்ட வேண்டாம்.

கடுங்காப்பி: ஸ்டாக் இருந்தால்தானே? ஒருவனுக்கு மூன்று மாதம் கொடுத்தால் இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஜிம்மா வாத்தியார்: அப்படி வாருங்கள் வழிக்கு. இவ்வளவு நேரம் புனித நீர்மேல் அல்லவா பழி போட்டீர்கள்?

கடுங்காப்பி: இரண்டும்தான் காரணம், விட மாட்டேன். அப்புறம், அந்தத் தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

ஜிம்மா வாத்தியார்: அடுத்த மழையில் அடுப்பில் விழுந்தான். வலது கை மடங்காது. மாத்திரை தீர்ந்து ஒன்பதாம் நாள்.