புதுப்பிப்பு: இஎம்டிஆர் சிகிச்சை தொடங்கிவிட்டேன்

விபத்துக்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு உதறுகிறது, இஎம்டிஆர் (கண்ணசைவின் துணையோடு மனக்காய நினைவுகளை ஆற்றும் உளவியல் சிகிச்சை) எடுக்கலாமா, கண்ணை அசைத்தால் மனக்காயம் ஆறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "ஹிப்னாடிசமா?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. முழு விழிப்போடுதான் இருப்போம். வேண்டாமென்றால் கையைக் காட்டி நிறுத்தலாம்.

முதல் நாளே கண்ணசைவு தொடங்கிவிடாது. மொத்தம் 8 கட்டங்கள். நம் கதையைக் கேட்பதும், பதற்றம் ஏறினால் தணித்துக்கொள்ளப் பழக்குவதும்தான் முதலில். அப்புறம்தான் நினைவைத் தொடுகிறார்கள். எனக்கு அது நொறுங்கிய கண்ணாடி. "0 முதல் 10 வரை, இப்போது எவ்வளவு தொந்தரவு?" என்றார் சிகிச்சையாளர். 9 என்றேன். காட்சியை மனதில் வைத்தபடியே அவர் விரலைக் கண்ணால் தொடர வேண்டும், அரை நிமிடம் போல. நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்பார். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரு சுற்றில் கண்ணாடி விலகி, யாரோ தண்ணீர் நீட்டிய கை ஞாபகம் வந்தது. அதுவரை அது நினைவிலேயே இல்லை! சம்பவம் மறக்கவில்லை, ஆனால் எண் 3-க்கு இறங்கியிருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம்தான். நினைவையும் விரலையும் ஒருசேரக் கவனிக்க மூளை திணறுவதால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் தொடங்கிவைத்த முறை. 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் பிடிஎஸ்டிக்கு (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனபாதிப்பு) இதைப் பரிந்துரைத்தது.

ஒன்று மட்டும்: அமர்வு முடிந்த இரவுகளில் கனவுகள் மோசமாக வரலாம், எனக்கு வந்தன. வீடியோ பார்த்துத் தனியாக முயலாதீர்கள்.