வைகை அணைக் கட்லாவின் வயதைக் கணிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் திட்டப்பணிக்காக, வைகை அணையில் பிடிபடும் பெரிய கட்லா மீன்களின் வயதை வளர்ச்சி வளையங்களைக் கொண்டு கணித்து வருகிறேன். செதிலை ஊறவைத்துத் தேய்த்து, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துப் பார்த்தால் நடுவிலுள்ள வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஓரத்திலோ அவை நெருங்கிப் பின்னி, எண்ண முடியாமல் போகின்றன. முதிர்ந்த மீனுக்குச் செவிக்கல்லே (உட்செவியில் வளையம் வளையமாக வளரும் சிறு சுண்ணாம்புக் கல்) நம்பகமானது. வட அமெரிக்கப் பெருவாய் பஃபலோ மீன் நூறாண்டைத் தாண்டி வாழ்வது 2019இல் வெளிப்பட்டதும் செவிக்கல்லால்தான்.

கெண்டை இனங்களில் சஜிட்டா என்னும் செவிக்கல் ஊசிபோல் மெலிந்து, எடுக்கும்போதே முறிந்துவிடுவதால், லாப்பிலஸ் என்னும் மற்றொரு வகைச் செவிக்கற்களை எடுத்து எபாக்சிப் பிசினில் பதித்து வைத்திருக்கிறேன். அவற்றை மெல்லிய சீவல்களாக அறுக்கும் வைர ரம்பம் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் எந்த ஆய்வகத்திலாவது, குறிப்பாகப் பாறைகளை அறுக்கும் புவியியல் துறைகளில், வெளி மாணவர்களுக்குக் கிடைக்குமா?

இன்னொரு கேள்வியே எனக்குப் பெரிதாகப்படுகிறது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வளர்ச்சி தடைபட்டு ஆண்டு வளையம் விழுகிறது; நம் மார்கழிக் குளிரிலோ மீனின் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. ஆகவே, கோடையில் அணை வற்றும்போதும் இரை குறையும்போதும் விழும் பொய் வளையத்தை ஆண்டு வளையத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது? மாதந்தோறும் மீன் சேகரித்து விளிம்பு வளர்ச்சியை (கடைசி வளையத்துக்கு வெளியே உள்ள வளர்ச்சியை) அளந்து பார்த்தவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.